பிங்க் பெட்டி சாட்சி

திரையில் இருந்த ஆள் கையில் ஒரு டோனட் பெட்டியைப் பிடித்தபடி, யாரோ வீட்டுப் பிறந்த நாளுக்கு வந்தவன் மாதிரி நின்றிருந்தான்.

"இவரை நல்லாப் பாத்துக்குங்க," என்றார் ஹால்வர்சன். லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி அந்த ஆளின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாட்சி எனக்குக் கிடைச்சதே இல்ல."

அல்மேரா கம்யூனிட்டி காலேஜில் குற்றவியல் வகுப்பு. காலை எட்டு மணிக்குக் கொட்டாவியோடு வந்து உட்கார்ந்திருந்தவர்களில் தக்காளி ஆலைக்காரர்கள் இருந்தார்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் இருந்தார்கள், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடிவந்த தாய்மார்கள் இருந்தார்கள். மேஜைமேல் ஹால்வர்சன் வாரா வாரம் கொண்டு வரும் டோனட் பெட்டி திறந்து கிடந்தது. பின்சுவரில் ஒரு கேமரா. வீட்டிலிருந்தே படிக்கிறவர்களுக்காக எல்லா வகுப்பும் பதிவாகும்.

ஹால்வர்சன் அந்த ஊர்ப் போலீஸில் துப்பறியும் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒட்ட வெட்டிய நரைமுடி. பேசும்போது இடுப்பில் இல்லாத துப்பாக்கியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின கேஸ். ஏப்ரல் பதினாலு, விடிகாலை அஞ்சரை. மெயின் தெருவுல ஒரு அடகுக்கடை. எவனோ பின்கதவை உடைச்சு உள்ள போயிருக்கான். மாடியில தூங்கிட்டிருந்த கடைக்காரர் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். இரும்புக் கம்பியால ஒரே அடி. அவருக்கு ஒரு கண்ணு போச்சு. அடிச்சவன் மூஞ்சியை அவர் பாக்கல."

அடுத்த ஸ்லைடில் ஒரு குற்றப்பத்திரிகை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை.

"பேரை மறைச்சிருக்கேன். இருபத்திரண்டு வயசு. அடகு வச்ச அக்கார்டியன் வாத்தியத்துக்காக முந்தின நாள்தான் அந்தக் கடையில சண்டை போட்டுட்டுப் போனவன். சண்டை போட்டதுக்கு ஊரே சாட்சி. ஆனா அடிச்சதுக்கு? அங்கதான் நம்மாளு வர்றார். டேல் ப்ரூயிட். எதிர்ல இருக்கிற சன்ரைஸ் டோனட் கடையில ஒரு டஜன் வாங்கிட்டு வெளியே வர்றார். கடை வெளிச்சத்துல, ஓடறவன் மூஞ்சியைப் பாக்கறார். அரை மணி நேரத்துல நான் அங்க போய் எடுத்த போட்டோ இது. கையில பெட்டி. அந்த நேரத்துக்கு நீ ஏன்யா அங்க இருந்தேன்னு எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினப்போ, ஜூரிக்கு இந்தப் போட்டோவைத்தான் காட்டினோம். கேஸை ஜெயிச்சுக் குடுத்தது இந்தப் பெட்டி."

விளக்கு போட்டார்.

"இந்தச் சாட்சியை ஏன் நம்பலாம்? வியாழக்கிழமை ஒவ்வொருத்தரும் எழுதிட்டு வரணும்."

"டோனட்டோட நிக்கறவன் பொய் சொல்ல மாட்டான்னு ஒரு வரி எழுதினா மார்க் வருமா?" என்று முணுமுணுத்தான் தியோ.

வன்னாரி சிரிக்கவில்லை. தியோ அவள் பக்கத்து இருக்கைக்காரன். தக்காளி ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தாடி, தொப்பை, எதற்கும் ஒரு ஜோக். வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னபோது அவனாகவே வந்து அவளோடு சேர்ந்துகொண்டான். "உனக்கு மூளை, எனக்கு லாரி. கூட்டணி பொருந்தும்," என்றான். அன்றிலிருந்து அவளுக்குத் தலைவி என்று பெயர்.

வன்னாரி பிராக்குக்கு முப்பத்தெட்டு வயது. பாதாம் கிடங்கு ஒன்றில் காவல் வேலை. மாவட்ட நன்னடத்தை அதிகாரி வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அதற்கு ஹால்வர்சன் சிபாரிசு எழுத வேண்டும். முதல் வாரமே அவர் அவளைப் பார்த்து, "உன்ன மாதிரி அமைதியான பொண்ணுங்க ரெக்கார்டு ரூமுக்கு நல்லாப் பொருந்துவாங்க," என்று சொல்லியிருந்தார்.

அமைதியான பொண்ணு கையைத் தூக்கினாள்.

"சார், தேதி ஏப்ரல் பதினாலுதானா?"

"ஏன், அன்னிக்கு உனக்குக் கல்யாணமா?"

"கம்போடியப் புது வருஷம், சார். இந்தப் பள்ளத்தாக்குல டோனட் கடை வச்சிருக்கறவங்க பாதிப் பேர் எங்க ஆளுங்க. வருஷம் பூரா லீவு போட மாட்டாங்க. அந்த நாளுக்கு மட்டும் கடையைச் சாத்திட்டுக் கோயிலுக்குப் போயிடுவாங்க. சன்ரைஸ் கடை யாருது?"

ஹால்வர்சன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"டோனட் கடை திறந்திருந்துச்சா இல்லையான்னு ஒரு போலீஸ்காரன்கிட்டயா கேக்கற?"

வகுப்பு குலுங்கியது. வன்னாரி கையை இறக்கவில்லை.

"கடைக்காரங்களை விசாரிச்சீங்களா, சார்?"

சிரிப்பு நின்றது. ஹால்வர்சனின் கை இடுப்புக்குப் போய் வெறுமையைத் தொட்டுத் திரும்பியது.

"பிராக், நான் கேட்டது சாட்சியை ஏன் நம்பலாம்னு. நம்பக் கூடாதுன்னு எழுதறதா இருந்தா வியாழக்கிழமை ஆதாரத்தோட வா. வெறும் வாயோட வந்தா ஃபெயில். சிபாரிசுக் கடிதத்தையும் மறந்துடு."

"சரி சார்," என்றாள் வன்னாரி.

வாசலுக்கு வந்ததும் தியோ சாவியைச் சுழற்றினான்.

"தலைவி, தூங்கற கரடியோட மூக்குல விரலை விட்டுட்ட. இப்ப எங்க போறோம்?"

"டோனட் சாப்பிட."

*

சன்ரைஸ் கடையில் சர்க்கரை வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. கல்லாவுக்குப் பின்னால் லாட்டரிச் சீட்டுகள், அவற்றுக்கு மேலே ஒரு சின்ன புத்தர். கல்லாவில் நின்ற அம்மாளைப் பார்த்து வன்னாரி கைகூப்பினாள்.

"மிங், வணக்கம்."

யாரோ முன்பின் தெரியாத பெண் தன் மொழியில் சித்தி முறை சொல்லிக் கூப்பிட்டதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. பெயர் சொபீப். வன்னாரி ஸ்டாக்டனிலிருந்து வந்தவள், பிராக் குடும்பம், அவள் மாமாவுக்கும் ஒரு காலத்தில் கடை இருந்தது என்பதெல்லாம் ஒரு காபி ஆறுவதற்குள் பேசி முடிந்தது. அதற்குள் தியோ ஹாம் வைத்த குரோசான் இரண்டு முடித்திருந்தான்.

"மிங், புது வருஷத்துக்குக் கடை திறப்பீங்களா?"

"திறந்தா எங்கம்மா ஆவி வந்து அடுப்பை அணைச்சிடும்."

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி?"

"அப்ப எங்கம்மா ஆவியா இல்ல, உசுரோட இருந்தாங்க. அது இன்னும் மோசம்." சொபீப் சிரித்தாள். "கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதே வழக்கம். முந்தின நாள் மத்தியானமே பூட்டிட்டு ஸ்டாக்டன் கோயிலுக்குப் போயிடுவோம். ஏன் கேக்கற?"

வன்னாரி எதிர்ப்பக்கம் கைகாட்டினாள். அடகுக்கடை இருந்த இடத்தில் இப்போது டயர் கடை.

"அந்தக் கிழவரை அடிச்சாங்களே, அதுவா? நாங்க திரும்பி வந்தப்பதான் கேள்விப்பட்டோம். பாவம், நல்ல மனுஷன்."

"போலீஸ் உங்களை விசாரிச்சாங்களா?"

"போலீஸா? வருவாங்க, காபி குடிப்பாங்க. என்னை எதுக்குக் கேப்பாங்க?"

திரையிலிருந்து கைபேசியில் எடுத்து வைத்திருந்த படத்தை வன்னாரி நீட்டினாள். "இந்த ஆள் உங்க கடையில டோனட் வாங்கிட்டு வெளியே வந்தேன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணியிருக்கான், மிங். இதோ பெட்டி."

சொபீப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம்தான், அதுவும் தொழில் கோபம்.

"இது என் பெட்டியா? எவன் சொன்னது?"

"பிங்க் பெட்டிதானே மிங், ஊர் பூரா ஒரே பெட்டி."

"பெட்டி ஒண்ணுதான். மூலையில இதென்ன?" விரலை வைத்தாள். பெட்டியின் மூடி ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு ஆரஞ்சுத் திட்டு. "எதையோ ஒட்டி வச்சிருக்கான். நான் பெட்டிமேல ஒண்ணும் ஒட்ட மாட்டேன். பெட்டியைத் திறந்து டோனட்டைப் பாத்தாலே என்னுதுன்னு தெரியும்."

"என்ன ஒட்டியிருக்குன்னு தெரியுதா?"

"தெரியல. ஆனா என்னுது இல்ல. எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்றேன்."

வன்னாரி எழுந்து வாசலில் போய் நின்றாள். இங்கிருந்து எதிர்க்கடையின் பின்கதவுக்குப் போகும் பக்கச் சந்து தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் பார்த்தாலே சந்தின் வாய் இருண்டு கிடந்தது. கடை மூடி விளக்கும் இல்லாத விடிகாலையில் ஒரு முகம் எப்படித் தெரியும்?

"தியோ, அந்தச் சந்துலேர்ந்து ஒரு தடவை ஓடி வா. பாக்கலாம்."

"நானா? நான் ஓடினா பூகம்பம்னு ஊர்க்காரங்க வெளியே வந்துடுவாங்க."

"நடந்தாவது வா."

"வேணாம் தலைவி. முட்டி வலி."

அவன் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வந்ததிலிருந்து அப்படித்தான் என்பதை வன்னாரி அப்போதுதான் கவனித்தாள். காபிக் கோப்பையின் மூடியை நகத்தால் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"உடம்பு சரியில்லையா?"

"ரெண்டு குரோசானுக்கு அப்புறம் யாருக்குத்தான் சரியா இருக்கும்," என்றான்.

*

வியாழக்கிழமை வன்னாரி கையில் இருந்தது பாதி ஆதாரம். கடை மூடியிருந்தது என்று ஒரு கடைக்காரம்மாவின் வாய்வார்த்தை. என்னவென்று தெரியாத ஒரு ஆரஞ்சுத் திட்டு. அவ்வளவுதான்.

"இதை வச்சுக்கிட்டு கரடி முன்னால நிக்கப் போறியா?" என்றான் தியோ.

"நிக்கத்தான் போறேன்."

"ஃபெயில் போடுவார்."

"போடட்டும். நம்பலாம்னு எழுதி வாங்கற மார்க் எனக்கு வேணாம்."

தியோ அவளை ஒரு முறை பார்த்தான். எழுந்து போய் மேஜைப் பெட்டியிலிருந்து ஒரு டோனட்டை எடுத்தான். கடித்தான். முகம் சுளித்தான்.

"சார், இது நேத்து ராத்திரியே உயிரை விட்டுடுச்சு."

"பாதி விலைக்குக் கிடைச்சா செத்ததும் ருசிக்கும், பராகான்," என்றார் ஹால்வர்சன். அவருக்கு அன்று நல்ல மனநிலை. "ஸ்டேஷன்ல இருந்த காலத்துலேர்ந்து என் பழக்கம் இது. சூப்பர் மார்க்கெட் மூடறதுக்கு முன்னாடி மிச்சத்தைப் பாதி விலைக்குப் போடுவான். வாங்கிக் கார் பின்சீட்ல எறிஞ்சுடுவேன். காலையில எல்லாருக்கும் டிபன் ரெடி."

வன்னாரி பெட்டியைப் பார்த்தாள். பிங்க் பெட்டி. மூடியின் ஓரத்தில், விரல்நகம் அளவுக்கு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். பாதி விலை.

வாரா வாரம் அந்தப் பெட்டியிலிருந்துதான் எல்லாரும் எடுத்துத் தின்றிருந்தார்கள்.

"பிராக், நீதானே முதல்ல? ஆதாரம் கொண்டு வந்தியா?"

எழுந்து முன்னால் போனாள். நேராகக் கேட்டால் இந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருஷம் மற்றவர்களை மடக்கிப் பழகியவர். அவர் எதை விட்டுக்கொடுக்க மாட்டார்? ஒன்றே ஒன்றைத்தான். அவருடைய நல்ல சாட்சி.

"சார், சன்ரைஸ் கடை அன்னிக்கு மூடியிருந்துச்சு. கடைக்காரம்மா கோர்ட்டுக்கு வந்து சொல்லத் தயார்."

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது அந்தம்மாவுக்கு அப்படியே ஞாபகம் இருக்காக்கும். அவ்வளவுதானா?"

"இல்ல. ப்ரூயிட் கையில இருக்கிற பெட்டி சூப்பர் மார்க்கெட் பெட்டி." கைபேசிப் படத்தைத் திரையில் போட்டுப் பெரிதாக்கினாள். ஆரஞ்சுத் திட்டு திரையில் ஆரஞ்சுப்பழம் அளவுக்கு வீங்கியது. "பாதி விலை ஸ்டிக்கர். ராத்திரி கடை மூடறப்போ ஒட்டறது. விடிகாலை அஞ்சரைக்கு சூப்பர் மார்க்கெட் திறந்திருக்காது. அப்ப அந்தப் பெட்டி அவர் கைக்கு எப்படி வந்துச்சு? எனக்குத் தோணறது ஒண்ணுதான். ப்ரூயிட் அதைத் திருடியிருக்கார்."

"என்னது?"

"அந்த நேரத்துல, அந்தத் தெருவுல, கையில திருட்டுப் பொருளோட ஒரு ஆள். பக்கத்துலயே உடைச்ச கடை. நான் அதிகாரியா இருந்திருந்தா முதல்ல விலங்கு மாட்டியிருக்க வேண்டியது ப்ரூயிட்டுக்குத்தான். உங்க நல்ல சாட்சி ஒரு திருடன், சார்."

வகுப்பில் யாரோ விசிலடித்தார்கள். ஹால்வர்சனின் கழுத்து சிவந்து காதுவரை ஏறியது.

"வாயை அடக்கிப் பேசு. ப்ரூயிட் எனக்காக எத்தனையோ கேஸ்ல துப்பு குடுத்தவன். அவனைத் திருடன்னு சொல்ல நீ யாரு?"

"அப்ப பெட்டி எப்படி வந்துச்சு?"

"நான் குடுத்தேன். அவன் திருடல. குளிர்ல நடுங்கிட்டு நின்னான், என் கார்லேர்ந்து எடுத்துக் குடுத்தேன். சாட்சிக்கு டோனட் குடுத்தா அது குத்தமா?"

"இல்ல சார்," என்றாள் வன்னாரி. அவள் குரல் இறங்கியிருந்தது. "குத்தமே இல்ல. ஆனா இந்தப் பெட்டி உங்களுதுன்னா, அவர் சன்ரைஸ்ல வாங்கின ஒரு டஜன் எங்க? போட்டோவுல ஒரு பெட்டிதான் இருக்கு."

எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"இந்தப் பெட்டிதான் கேஸை ஜெயிச்சுக் குடுத்துச்சுன்னு செவ்வாய்க்கிழமை சொன்னீங்க. அது சன்ரைஸ் பெட்டின்னு ஜூரிகிட்ட சொன்னப்போ நீங்க கோர்ட்லதானே உக்காந்திருந்தீங்க? உங்க கார் பெட்டின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

ஹால்வர்சன் பின்சுவரைப் பார்த்தார். கேமராவில் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"அதை அணை."

கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ராணுவத்தில் இரண்டு முறை போர்முனைக்குப் போய்வந்தவள். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதெல்லாம் பழைய கதை," என்றார் ஹால்வர்சன். "அவன் ஒண்ணும் யோக்கியன் இல்ல. இந்தக் கேஸ்ல இல்லேன்னா இன்னொண்ணுல உள்ள போயிருப்பான். எனக்கு அந்த மாதிரிப் பசங்களை நல்லாத் தெரியும்."

அப்போதுதான் தியோ எழுந்தான். அவசரமில்லாமல் நடந்து மேஜைக்குப் போனான். சர்க்கரை ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, கணினியில் குற்றப்பத்திரிகை ஸ்லைடைத் திறந்தான். சுட்டியைக் கறுப்புப் பட்டைமேல் வைத்து இழுத்தான். ஹால்வர்சன் பெயரை அழிக்கவில்லை. மேலே ஒரு கறுப்புக் கட்டத்தை வரைந்திருந்தார். அது அப்படியே நகர்ந்து ஓரத்துக்குப் போனது.

அடியில் இருந்த பெயர் திரையில் நின்றது. தியோஃபிலோ பராகான்.

வன்னாரி அந்தப் பெயரைப் பார்த்தாள், பிறகு தியோவைப் பார்த்தாள்.

"எங்கப்பாவோட அக்கார்டியன் அது," என்றான் தியோ. "ஏழு வருஷம் உள்ள இருந்தேன். அப்ப தாடி இல்ல, தொப்பை இல்ல. சரி, மூஞ்சி மறந்துபோச்சுன்னு வச்சுக்கலாம். ஆனா வகுப்பு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வருகைப் பதிவுல என் பேரை நீங்கதான் சார் வாசிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை தலையைத் தூக்குவார்னு பாத்தேன். அந்தக் கறுப்புப் பட்டையே தேவையில்ல. மறைச்ச உங்களுக்கே அடியில இருக்கிற பேர் ஞாபகம் இல்ல."

ஹால்வர்சன் ஒரு அடி பின்வாங்கினார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வேணும் உனக்கு? மன்னிப்பா?"

"உங்க மன்னிப்பை வாங்கி நான் எங்க வைக்கறது? அவளுக்கு உண்டான மார்க்கைப் போடுங்க. எனக்கு வர வேண்டியதை உங்ககிட்ட கேக்க மாட்டேன். கோர்ட்ல கேட்டுக்கறேன்."

ஹால்வர்சன் கோட்டை எடுத்துக்கொண்டார். "வகுப்பு முடிஞ்சுது. எல்லாரும் போகலாம்," என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் மட்டும் நடந்து வெளியே போனார். கதவு அவருக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கேமராக்காரப் பெண் பதிவின் ஒரு பிரதியை எடுத்து வன்னாரியின் கையில் வைத்தாள். தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

தாழ்வாரத்தில் வன்னாரி தியோவை நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல? இவ்வளவு நாள் பக்கத்துல உக்காந்திருக்க."

"சொல்லியிருந்தா எம்மேல பரிதாபப்பட்டு நம்பியிருப்ப. அப்படி நம்பறதுக்கு எங்கம்மா இருக்காங்க. எனக்காக இல்லாம, கேஸுக்காக ஒரு ஆள் அதைக் கண்டுபிடிக்கணும்னு நினைச்சேன். அந்தப் பெட்டியை நானும் எத்தனையோ தடவை பாத்திருக்கேன் வன்னா. கோர்ட்லயும் பாத்தேன், இங்கயும் பாத்தேன். அது பொய்னு எனக்குத் தெரியும். எப்படிப் பொய்னு தெரியல."

"சந்துகிட்ட நடந்து வரச் சொன்னேனே. என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்."

"உன் கையில டோனட் இருந்துச்சு. அதனால விட்டுட்டேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் அரசாங்கச் செலவில் ஏழைகளுக்கு வாதாடும் வக்கீல்களின் அலுவலகம் இருந்தது. முடிந்துபோன கேஸைத் திறப்பது லேசில்லை. ப்ரூயிட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும், சொபீப்பைச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். சிபாரிசுக் கடிதம் போன இடம் தெரியாது. மாவட்ட வேலையும் அதோடு போயிருக்கலாம்.

"லாரியை எடு. நேரா அந்த வக்கீல் ஆபீசுக்கு," என்றாள்.

தியோ சாவியை எடுத்தான். வெளியே லாரிக்குப் பக்கத்தில் வந்தும் அதைப் பூட்டில் போடாமல் நின்றான்.

"பயமா இருக்கா?"

"ம். இருக்கு," என்றான். அவள் ஜோக்குக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"எனக்கும்தான்," என்று வன்னாரி சாவியை அவன் கையிலிருந்து வாங்கிக் கதவைத் திறந்தாள். "தள்ளி உக்காரு, நான் ஓட்டறேன். பயந்துக்கிட்டே போவோம்."